22 மாதப் பாப்பா, ஜூனில் பிளேஸ்கூல்: டயப்பரை எப்போது நிறுத்துவது?

கோவைக்கிளி
பிப்ரவரி 11, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டிருந்தவள். இன்று எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு 22 மாதம். பகலில் பாதி நேரம் ஜட்டி. வெளியே போனாலும் இரவிலும் டயப்பர். ஜூனில் பிளேஸ்கூலில் சேர்க்கலாம் என்று போய் விசாரித்தோம். ஃபீஸ், வேன், யூனிஃபார்ம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில், "டாய்லெட் டிரெயினிங் முடிச்சிருக்கணும் மேடம், டயப்பரோட எடுக்க மாட்டோம்" என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

அத்தை சொல்வது: "என் பையன் ஒரு வயசுலயே சொல்லிட்டுப் போவான். நீ டயப்பரைக் கட்டிக் கெடுத்து வெச்சிருக்கற." அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா சொல்வது: "மூணு வயசு வரைக்கும் தொடாதே, அவளே ரெடியாவா." வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் ஆன்லைனில் வாத்து வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டி (potty, குழந்தை உட்கார்ந்து ஆய், உச்சா போகும் சின்ன இருக்கை) வாங்கிவிட்டார். அது வந்த அன்று, "பாப்பா, பாட்டி மேல உக்காரு" என்றேன். அவள் நேராகப் போய் அத்தை மடியில் உட்கார்ந்துகொண்டாள். இந்த வாரத்தில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இப்போதே தொடங்கலாமா, ஏப்ரல் வரை பொறுக்கலாமா? இன்னொன்று. ஆய் வரும்போது மட்டும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் போய் நின்றுகொள்வாள். பக்கத்தில் போனால் "போ" என்பாள். ரெடியாகிவிட்டாள் என்று இதற்கு அர்த்தமா, வேறு ஏதாவதா?


முருங்கைக்கீரை
பிப்ரவரி 11, இரவு 11.15

இடுக்கில் போய் நிற்கிறாள் என்றால், வரப்போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிகிறது. அது நல்ல விஷயம். என் பெரியவன் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நிற்பான், கால் மட்டும் தெரியும்.

நான் பார்த்துக்கொண்டது நாலு விஷயம்தான். மதியம் தூங்கி எழும்போது டயப்பர் காய்ந்திருக்கிறதா? ஒன்றரை, இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறாளா? "செருப்பை எடுத்துட்டு வந்து அப்பாகிட்ட குடு" என்றால் இரண்டு வேலையையும் வரிசையாகச் செய்கிறாளா? ஜட்டியைத் தானே கீழே இறக்கத் தெரியுமா? இதில் மூன்றுக்கு ஆமாம் என்றால் தொடங்கிவிடுங்கள். பிளேஸ்கூல் தேதியைப் பார்த்துத் தொடங்காதீர்கள்.


பக்கத்துவீட்டுப்பையன்
பிப்ரவரி 11, இரவு 11.21

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் பாட்டி மடியில் உட்கார்ந்த பாப்பாவுக்காக இந்த இழையைப் பின்தொடர்கிறேன்.


ஏடாகூடம்
பிப்ரவரி 12, காலை 7.05

உங்கள் அத்தை சொல்வதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். நம் ஊரில் பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழந்தையை உட்காரவைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பார்கள். மூன்று மாதக் குழந்தை அந்தச் சத்தத்துக்கே போய்விடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் திகோ என்ற மக்களிடமும் ஏறக்குறைய இதேதான் வழக்கம். 1977இல் அதைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. பிறந்து சில வாரங்களில் தொடங்கி, நாலைந்து மாதத்தில் பகலிலும் இரவிலும் பெரும்பாலும் நனையாமல் இருக்கும் பிள்ளைகள். தாய் காலை நீட்டி உட்காருவது, "ஷூஸ்" என்று சத்தம் கொடுப்பது எல்லாம் நம் பாட்டி கணக்குத்தான்.

பிள்ளை ரெடியாகும் வரை காத்திரு என்ற பேச்சே அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1962இல், தன்னிடம் வந்த 1,170 பிள்ளைகளின் பத்தாண்டுக் குறிப்புகளை வைத்து எழுதினார். அதே ஆள் 1990களின் கடைசியில் பெரிய சைஸ் பாம்பர்ஸ் டயப்பர் விளம்பரத்தில் வந்தார். காத்திரு, காத்திரு என்றால் யாருக்கு லாபம்? கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.


இரட்டைவால்
பிப்ரவரி 12, காலை 9.30

ஏடாகூடம் சார், கதையில் பாதியை விழுங்கிவிட்டீர்கள். பாம்பர்ஸை அமெரிக்காவில் ஒரு நகரத்தில் வைத்து முதலில் விற்றுப் பார்த்ததே 1961இல்தான். பிரேசல்டன் குறிப்பெடுத்த பத்து வருஷமும் அங்கே அம்மாக்கள் துணி கட்டித் துவைத்துக்கொண்டிருந்த காலம். அவர் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. அதற்கு முந்தைய தலைமுறைக்கு, முதல் சில மாதங்களிலேயே கடிகாரத்தைப் பார்த்து உட்காரவைக்கச் சொல்லி அமெரிக்க அரசின் கையேடே அறிவுரை கொடுத்திருந்தது. அந்தக் கெடுபிடியால் பிள்ளைகள் அடக்கிக்கொள்கின்றன என்று பார்த்துத்தான், பிள்ளையின் போக்கில் போகலாம் என்றார். அவரிடம் வந்த பிள்ளைகள் பகலில் பழகி முடித்தது சராசரியாக 28.5 மாதத்தில். மூன்று வயது வரை தொடாதே என்று அவர் சொல்லவில்லை. விளம்பரத்தில் வந்தது சரியில்லைதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

என் கதை: இரட்டைப் பையன்கள். ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஒருத்தன் 25 மாதத்தில் நாலே நாளில் பழகிவிட்டான். இன்னொருத்தன் மூன்று வயதும் இரண்டு மாதமும். நாங்கள் செய்ததில் வித்தியாசமே இல்லை. சீக்கிரம் பழகியவனைப் பார்த்துப் பொறாமையில் மற்றவனும் கற்றுக்கொள்வான் என்றார்கள். அவன் பொறாமைப்பட்டான், உண்மைதான். தம்பியின் ஜட்டியை எடுத்து டயப்பர் மேல் மாட்டிக்கொண்டு திரிந்தான்.


ஏடாகூடம்
பிப்ரவரி 12, காலை 9.52

சரி, 1961 கணக்கை ஒத்துக்கொள்கிறேன். பாட்டி முறையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.


ரிட்டையர்டு_சிஸ்டர்
பிப்ரவரி 12, மதியம் 2.10

குழந்தைகள் வார்டில் 31 வருஷம் வேலை பார்த்தவள். இரண்டு தம்பிகளும் சண்டையை நிறுத்துங்கள், ஒன்று சொல்கிறேன்.

பாட்டி முறை நிஜம்தான். ஆனால் அதில் பழகுவது குழந்தை மட்டும் இல்லை, பாட்டியும்தான். குழந்தை முகம் சுளிப்பதை, முனகுவதை, திடீரென்று விளையாட்டை நிறுத்துவதைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓட வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் வேண்டும். வாசலும் முற்றமும் வேண்டும், நனைந்தால் துடைத்துவிடச் சிமென்ட் தரை வேண்டும். "என் பையன் ஒரு வயதில் சொல்லிவிட்டுப் போவான்" என்பதில் பாதிக்கு மேல், "நான் ஒரு வருஷம் அவன் பின்னாலேயே ஓடினேன்" என்று இருக்கும். அதைக் குறைத்துச் சொல்லவில்லை அம்மா, அது பெரிய உழைப்பு. நாலாவது மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அதையே எதிர்பார்த்தால் எப்படி?

இனி கோவைக்கிளிக்கு. ஆய் எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறாள்? கெட்டியாகவா, இளக்கமாகவா? போகும்போது முகம் சிவந்து, காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நிற்கிறாளா? நாளைக்கு எத்தனை பாட்டில் பால்? அந்த இடுக்கு விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பதில் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.


கோவைக்கிளி
பிப்ரவரி 12, இரவு 9.45

சிஸ்டர், நீங்கள் எதிரில் நின்று பார்த்த மாதிரி கேட்கிறீர்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, சில சமயம் நாலு. உருண்டை உருண்டையாக வரும். நுனிக்காலில்தான் நிற்பாள், பீரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. பால் 240 மில்லி பாட்டிலில் நாலு. சோறு சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதால் பாலாவது போகட்டும் என்று விட்டிருந்தேன்.


ரிட்டையர்டு_சிஸ்டர்
பிப்ரவரி 12, இரவு 10.20

அப்படியானால் இப்போது பாட்டியில் உட்காரவைக்கவே வேண்டாம். அவள் ஒளிந்துகொள்வது கூச்சத்தால் இல்லை. நின்றுகொண்டு அடக்குகிறாள். பார்ப்பவர்களுக்கு முக்குவது போலத்தான் தெரியும், ஆனால் உள்ளே தள்ளுகிறாள். ஒரு முறை வலித்தது, அடுத்த முறை பயந்து அடக்கினாள். அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் இறுகும், இன்னும் வலிக்கும். இந்த நிலைமையில் பாட்டியில் உட்காரவைத்தால் வலியும் அந்த வாத்தும் அவள் மனதில் ஒன்றாகிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் பக்கத்திலேயே வரமாட்டாள்.

ஒரு லிட்டருக்குப் பக்கமாகப் பால் என்றால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும். சோறு இறங்காது, நார்ச்சத்து போகாது, ரத்தமும் குறையும். அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள், பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றுங்கள். குழந்தை டாக்டரிடம் காட்டி மலம் இளக மருந்து கேளுங்கள். கடையில் நீங்களாக எதையும் வாங்க வேண்டாம், சோப்பு வைப்பது, வெற்றிலைக் காம்பு வைப்பது வேண்டவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: திடீரென்று தண்ணீராகக் கசிந்து ஜட்டி நனைந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். உள்ளே கட்டி அடைத்திருக்கும், அதன் ஓரமாகக் கசியும். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் வந்தாலும், வயிறு உப்பி வாந்தி எடுத்தாலும், மூத்திரம் போகும்போது அழுதாலும், காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

பயமோ வலியோ இல்லாமல் தினமும் இளக்கமாகப் போய் நாலைந்து வாரம் ஆகட்டும். அப்போதுதான் டயப்பரை நிறுத்துவது பற்றிய பேச்சு.


லாசப்பல்_அம்மம்மா
பிப்ரவரி 13, பிற்பகல் 3.30

பிள்ளை, உங்கள் பிளேஸ்கூல் பரவாயில்லை. பாரிஸில் அரசாங்கப் பள்ளிக்கூடமே இதே கதைதான். இங்கே 2019இலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பு கட்டாயம். மூன்று வயது முடிகிற ஆண்டின் செப்டம்பரில் சேர்க்க வேண்டும். என் பேத்தி நவம்பரில் பிறந்தவள், அதனால் மூன்று முடியும் முன்னமே போக வேண்டி வந்தது. பிள்ளை "ப்ரோப்ர்" ஆக இருக்க வேண்டும் என்பார்கள். சுத்தம் என்று அர்த்தம். பம்பர்ஸ் கட்டின பிள்ளை ஊத்தைப் பிள்ளையா என்று எனக்கு ஒரே கோபம்.

ஆகஸ்ட் முழுக்க என் மகள் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, அரை மணிக்கொரு தரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் இருத்தினாள். பிள்ளைக்கு விளையாட்டே இல்லை. கடைசியில் இருத்தினால் வராது, எழுப்பின உடனே கம்பளத்தில் போகும். நான் மகளிடம், நீ ஒரு கிழமைக்குப் பேசாமல் இரு என்று சொல்லிப்போட்டு, சாப்பிட்ட பிறகு மட்டும், ஒரு நாளைக்கு மூன்று தரம் இருத்தினேன். பக்கத்தில் இருந்து கதை சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் வராவிட்டால் எழுந்து போகலாம். பள்ளிக்கூடம் தொடங்குகிற கிழமைதான் சரிவந்தது. முதல் மாதம் இரண்டு மூன்று தரம் நனைத்துக்கொண்டு வந்தாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, பையில் வேறு உடுப்பு கொடுத்துவிடச் சொன்னார், அவ்வளவுதான். சொல்லுகிற சட்டம் வேறு, நடக்கிறது வேறு.


முருங்கைக்கீரை
பிப்ரவரி 13, மாலை 6.00

அம்மம்மா சொல்லும் சாப்பாட்டுக் கணக்கு நிஜம். வயிறு நிறைந்தால் குடல் தானாக அசையும். சாப்பிட்டு இருபது நிமிஷத்துக்குள் உட்காரவைத்தால் பாதி வேலை முடிந்தது. கால் மட்டும் தொங்கக் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் சின்ன சீட் போட்டாலும் காலுக்கு ஒரு முக்காலி வையுங்கள். முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்து இருந்தால் சுலபமாகப் போகும். நம் ஊர் டாய்லெட்டில் குந்தினால் அது தானாக அமைந்துவிடும், ஆனால் சின்னக் குழந்தைக்கு அந்தக் குழியைப் பார்த்தாலே பயம்.

அப்புறம் சீசன். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி நான் பட்ட பாடு இருக்கிறதே! பதினொரு ஜட்டி, ஒன்றும் காயவில்லை, ஃபேனுக்கு அடியில் தோரணம். சித்திரை வெயிலில் தொடங்குங்கள். மொட்டை மாடியில் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், குழந்தை அரை நாள் ஜட்டி இல்லாமல் திரிந்தாலும் சளி பிடிக்காது.


இரட்டைவால்
பிப்ரவரி 14, காலை 8.15

முன்னால் தொடங்கினால் முன்னால் முடியும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2003இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 27 மாதத்துக்கு முன்பே தீவிரமாகத் தொடங்கியவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை, பழகி முடிக்கும் நாள்தான் நீண்டது என்று பார்த்தார்கள். சீக்கிரம் தொடங்கியதால் மலச்சிக்கலோ அடக்கும் பழக்கமோ கூடுதலாக வந்ததாகவும் தெரியவில்லை. அதனால் அத்தை பக்கமும் பெரிய தப்பு இல்லை. எத்தனை மாதம் துணி துவைக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.


கோவைக்கிளி
மார்ச் 29, இரவு 11.05

காணாமல் போனதற்கு மன்னிக்கவும். சிஸ்டர் சொன்னதைக் கேட்டு டாக்டரிடம் போனோம். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது என்றார். லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். பால் இரண்டு டம்ளராகக் குறைந்தது. முதல் வாரம் வீட்டில் போர்க்களம். பாட்டிலைக் கேட்டு அவள் அழுத அழுகையில் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். இரண்டாவது வாரம் பருப்பு சாதத்தைத் தானே அள்ளித் தின்றாள். பப்பாளி, கொய்யா, கீரை எல்லாம் உள்ளே போகிறது. இப்போது தினமும் ஒரு முறை, இளக்கமாக. பத்து நாளாக இடுக்குப் பக்கமே போவதில்லை. அடக்குவதற்கு அவள் பிடித்துக்கொண்டிருந்த பீரோ கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு சின்னக் கைத்தடம் மட்டும் இருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

அத்தைக்கும் எனக்கும் ஒரு சமாதானம். சிஸ்டர் எழுதியதை, "நான் ஒரு வருஷம் அவன் பின்னாலேயே ஓடினேன்" என்ற வரியை, அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமா, உங்க மாமா ஒரு நாளாவது தூக்கிட்டு ஓடியிருப்பாரா?" என்றார். அதற்கு அப்புறம் டயப்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.


ரிட்டையர்டு_சிஸ்டர்
மார்ச் 30, காலை 6.40

மனசு நிறைந்தது. மருந்தை டாக்டர் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள். "இப்பதான் நல்லாப் போறாளே" என்று எல்லோரும் நிறுத்திவிட்டு மறுபடி வருவார்கள்.

ஏப்ரல் நடுவில் தொடங்கலாம். பகல் மட்டும். இரவைத் தொடவே வேண்டாம். தூக்கத்தில் மூத்திரம் குறைவாகச் சுரக்க ஒரு ஹார்மோன் வேலை செய்ய வேண்டும், பை நிறைந்ததும் மூளை எழுப்ப வேண்டும். இரண்டும் பழக்கத்தால் வருவதில்லை, வளர்ச்சியால் வருவது. ஐந்து வயது வரை படுக்கை நனைந்தால் கவலையே இல்லை.

ஒரு கணக்கும் சொல்கிறேன். வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் மூத்திரப் பை எத்தனை மில்லி தாங்கும் என்று உத்தேசமாகத் தெரியும். இரண்டு வயதுக்கு 120 மில்லி. ஒரு டீ கிளாஸ். அதை வைத்துக்கொண்டு உங்களைப் போல மூன்று மணி நேர மீட்டிங்கில் அவளால் உட்கார முடியாது. பெண் குழந்தை, அதனால் முன்னாலிருந்து பின்பக்கமாகக் கழுவிப் பழக்குங்கள். அடிக்கிறது, "சீ, நாத்தம்" என்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறது மூன்றும் வேண்டாம்.


பக்கத்துவீட்டுப்பையன்
மார்ச் 30, காலை 10.00

என் மீட்டிங்குக்கு 400 மில்லி போதவில்லை, சிஸ்டர்.


கோவைக்கிளி
ஏப்ரல் 21, மதியம் 1.30

தமிழ்ப் புத்தாண்டு லீவில் தொடங்கினோம். முதல் நாள் ஒன்பது தடவை தரையில், பாட்டியில் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் நாள் ஏழு. அன்று மாலை நான் சோர்ந்துபோய் டயப்பரைக் கையில் எடுத்துவிட்டேன். அத்தைதான் வாங்கி உள்ளே வைத்தார். மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் அத்தை வாத்துக்குப் பக்கத்தில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தார். காலை நீட்டி, பழைய பழக்கத்தில் அவரே "ஸ்ஸ்ஸ்" என்றார். பாப்பா வாத்து மேல் உட்கார்ந்து அத்தையின் கால் மெட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாப்பா எழுந்து குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "மழை" என்றாள்.

ஏடாகூடம் சார், உங்கள் கட்சிக்கு ஒரு ஓட்டு.


ஏடாகூடம்
ஏப்ரல் 21, மதியம் 1.41

பாட்டியும் பாட்டியும் சேர்ந்து ஜெயித்திருக்கிறார்கள். எனக்கு ஓட்டு வேண்டாம்.


கோவைக்கிளி
ஜூன் 24, இரவு 10.15

கடைசி நிலவரம். உச்சா பிரச்சினை இல்லை, பிளேஸ்கூலில் டீச்சரிடம் சொல்கிறாள். ஆய் மட்டும் அங்கே போக மாட்டாள், வீட்டுக்கு வந்து வாத்து மேல்தான். இரவில் இன்னும் டயப்பர். மே மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஊருக்குப் போனபோது அங்கே இருக்கும் இந்தியன் டாய்லெட்டைப் பார்த்து அலறி, நாலு நாள் மறுபடி அடக்கினாள். வாத்தையும் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். பிளேஸ்கூல் பையில் இரண்டு ஜட்டி வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அம்மம்மா சொன்னது போல, சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று. டயப்பரோடு இன்னும் மூன்று குழந்தைகள் வருகின்றன.

பாட்டி என்றால் குழப்பம் வருகிறது என்று வீட்டில் எல்லோருமே அதை "வாத்து" என்று மாற்றிவிட்டோம். போன ஞாயிறு கல்யாண மண்டபத்தில், சரியாக முகூர்த்த நேரத்தில், கெட்டிமேளத்துக்கு மேல் சத்தமாக, "அம்மா, வாத்து வருது!" என்றாள். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.